சாவிக்குப் போட்டவள்

விடிவதற்கு முன்பே பாய்லர் உறுமத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு சலவைக்கூடத்தில் யாரும் மெதுவாகப் பேச முடியாது. மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வந்த படுக்கை விரிப்புகள் பெரிய இரும்புத் தொட்டிகளில் சுழன்று, பிழியப்பட்டு, ஈரமும் வெளுப்புத் தூளின் நெடியுமாகத் தள்ளுவண்டிகளில் வந்து குவியும். ஒவ்வொன்றையும் உதறி, ஓரம் பிடித்து, கொதிக்கும் இரண்டு உருளைகளுக்கு நடுவே கொடுக்க வேண்டும். இந்தப் பக்கம் ஈரமாகப் போகிற துணி அந்தப் பக்கம் சுருக்கமெல்லாம் நீங்கி, பிடித்தால் விரல் நுனி பொசுங்கும்படி வெளியே வரும். அதை ஏந்தி மடிப்பதற்கு இரண்டு பேர் நிற்பார்கள்.

மடிப்புக்கு ஜோடிப் பொருத்தம் வேண்டும். ஒருத்தி இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே நிற்பாள். மற்றவள் எதிர் முனைகளோடு அவளை நோக்கி நடந்து வருவாள். முனையோடு முனை சேரும். வந்தவள் குனிந்து, தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவாள், மறுபடி வருவாள். நிற்கிறவள் எப்போதும் நிற்பாள், நடக்கிறவள் எப்போதும் நடப்பாள். மாற்றிச் செய்தால் கை குழம்பிப் போகும், துணி கோணிக்கொள்ளும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அண்ணி நிற்கிறவள். பட்டாசு நடக்கிறவள்.

பட்டாசின் அண்ணன் மனைவிதான் அண்ணி. நாத்தனார் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுக் கூடத்தில் எல்லோருக்குமே அவள் அண்ணியாகிவிட்டாள். தலை நரைத்த பாய்லர்காரருக்கும்கூட. பட்டாசுக்கு அந்தப் பெயரை வைத்தவர் பாய்லர்காரர். “இதுக்குத் திரியெல்லாம் வேணாம். பக்கத்துல போய் நின்னாலே வெடிக்கும்” என்பார். பட்டாசும் சும்மா இருக்கமாட்டாள். “உங்க பாய்லரைவிட நான் பரவாயில்லை. நான் வெடிச்சா காதுதான் போகும்” என்பாள்.

பட்டாசின் அண்ணனை இன்னமும் உருளைக்காரர் என்றுதான் சொல்கிறார்கள். அவர் உருளைக்குப் பக்கத்தில் வந்து பல மாதங்களாகின்றன. உருளைகளுக்கு முன்னால் குறுக்கே ஒரு காவல் கம்பி உண்டு. விரலோ மணிக்கட்டோ அதில் பட்டால் உருளை நின்றுவிடும். துணி சற்றுப் புடைத்துக்கொண்டு போனாலும் நின்றுவிடும் என்பதுதான் முதலாளிக்குப் பிடிக்காதது. “நின்னு நின்னு ஓடினா எப்ப முடிக்கிறது?” என்று கேட்டு, கம்பியை மேலே தூக்கிக் கட்டச் சொன்னார். கட்டியது உருளைக்காரர்தான், முதலாளி சொன்னார், அவர் கட்டினார். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் விரிப்பின் ஓரத் தையலில் அவருடைய விரல் மாட்டிக்கொண்டது. வலது கையில் இப்போது கட்டைவிரலும் பாதி உள்ளங்கையும் மிச்சம்.

கம்பி இன்னமும் கட்டியபடிதான் இருக்கிறது.

கூடத்தின் பின்சுவருக்கும் கால்வாய்க்கும் இடையில் இருக்கும் இடுக்கில் ஒரு வரிசை அறைகள். அங்கேதான் அவர்கள் எல்லோரும் குடியிருந்தார்கள். கதவைத் திறந்தால் சுவர், ஜன்னலைத் திறந்தால் சாக்கடை. சுவரில் பாய்லரின் சூடு. மழைக்காலத்தில் கால்வாய் ஏறி வந்து கட்டில் காலைத் தொடும். ஆனாலும் அது வீடு. வாடகை வாங்க யாரும் வருவதில்லை, வேலைக்கு நடந்தே போய்விடலாம். வலியில் கணவர் அரற்றினால் அண்ணி ஓர் ஓட்டத்தில் வந்து பார்த்துவிட்டு, அடுத்த வண்டி வருவதற்குள் உருளைப் பக்கம் திரும்பிவிடலாம்.

அப்படிப்பட்ட நேரத்தில் தேர்தல் வந்தது.

இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் சின்னம் சாவி, இன்னொருவர் சின்னம் குடை. சாவிக்காரர் கால்வாய்க்கரையில் இருப்பவர்களுக்கு அவரவர் அறையை அவரவர் பெயருக்கே எழுதித் தருவேன் என்றார். தொழில் வளர வேண்டும், கம்பெனிகளுக்குள் அதிகாரிகள் நுழைந்து தொல்லை கொடுப்பதை ஒழிப்பேன் என்றும் அதே மூச்சில் சொன்னார். குடைக்காரம்மா முன்பு நர்ஸாக இருந்தவர். நசுங்கிய கைகளுக்குக் கட்டுப் போட்டவர். ஒவ்வொரு ஆலைக்குள்ளும் ஆய்வாளர் வந்தே ஆக வேண்டும், பாதுகாப்பில்லாத இயந்திரம் ஓடக்கூடாது என்றார். போன மழையில் கால்வாயில் ஒரு குழந்தை போனதைச் சொல்லும்போது அவர் பேச்சை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அது நடிப்பில்லை. ஆனால் அதற்கு அவர் கண்ட வழி, கரையைக் காலி செய்து எல்லோரையும் ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறிப் போகிற இடத்தில் கொண்டுபோய் வைப்பது.

“வீடு வேணும்னா கையைக் கொடு, கை வேணும்னா வீட்டைக் கொடுங்கறாங்க” என்றார் பாய்லர்காரர். “முன்னால போனா முட்டுது, பின்னால வந்தா உதைக்குது. நாம எங்கதான் நிக்கிறது?”

நிற்க இடமில்லைதான். வரிசையில் பாதிக் கதவுகளில் சாவி ஒட்டியிருந்தது, பாதியில் குடை. குழாயடியில் ஒருவர் குடத்தை இன்னொருவர் நகர்த்தி வைப்பது நின்றுபோயிற்று. காய்ச்சலில் கிடந்தவளுக்குக் கஞ்சி கொண்டுபோகும்போதுகூட, அவள் கதவில் எது ஒட்டியிருக்கிறது என்று ஒரு கணம் கண் போனது. கடவுள் நியாயத்தை ஒரே ஆளிடம் முழுசாகக் கொடுத்து அனுப்புவதில்லை. பாதி பாதியாகப் பிய்த்துத்தான் கொடுக்கிறார். கையில் கிடைத்த பாதியைப் பிடித்துக்கொண்டு அடுத்தவரைத் திருடன் என்கிறோம்.

ஓட்டுக்கு முந்தின வாரம் முதலாளி கூடத்துக்குள் வந்தார். பாய்லரைத் தணிக்கச் சொன்னார். அவர் பேசும்போது மட்டும்தான் அது தணியும்.

“ஓட்டன்னைக்கு வண்டி ஏற்பாடு பண்ணியிருக்கேன். எல்லாரும் ஒண்ணாப் போறோம், சாவியில குத்துறோம், வந்து வேலையைப் பாக்கறோம். சரியா?”

கையிலிருந்த துணிகளை எல்லோரும் மடித்துக்கொண்டேயிருந்தார்கள்.

“சாவி யாருக்கு வேணும்? எனக்கா? எனக்கு வீடு இருக்கு. உங்களுக்காகத்தான் சொல்றேன்.”

“அதிகாரி வராம இருக்கறதும் எங்களுக்காகத்தானா?” என்று பட்டாசு கேட்டாள்.

முதலாளி சிரித்தார். “வாய் மட்டும் இல்லேன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிடும். அதிகாரி வந்தா என்ன ஆகும் தெரியுமா? கூடத்தைச் சீல் வைப்பான். அப்புறம் கையை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவே? ஆரத்தி எடுப்பியா?”

“கை இருந்தா வேற எதையாவது பண்ணிக்கலாம்ங்க.”

“நல்லதாப் போச்சு. அந்தக் கையை உருளைக்குக் கொடு. ஓட்டு முடிஞ்ச மறுநாள்லேர்ந்து நீதான் அங்க. வர்ற புது ஆளுங்க யாரும் நிக்கிறதில்லை. உங்க அண்ணன் பாத்த வேலைதானே, ரத்தத்துல இருக்கும்.”

பிறகு அவர் அண்ணியிடம் திரும்பினார். குரல் இளகிப் போயிற்று.

“உன் வீட்டுக்காரருக்கு ஒரு வழி பண்ணணும்னு மனசுல இருந்துக்கிட்டே இருக்கும்மா. கேட்டுல வாட்ச்மேனாப் போட்டுடறேன். அதுக்கு ஒரு கை போதும். தேர்தல் முடியட்டும்.”

அண்ணி தலையை ஆட்டினாளா இல்லையா என்பது அவளுக்கே தெரியவில்லை.

அவர் போனதும் பாய்லர் மறுபடி உறுமியது. உருளையிலிருந்து விரிப்பு வழிந்து வந்தது. அண்ணி முனைகளைப் பிடித்தாள். பட்டாசு எதிர் முனைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். போனவள் வரவில்லை.

“அண்ணி, சாவிக்குத்தான் போடப் போறீங்களா?”

“ஆமா.”

“அந்தாளு ஆசை காட்டினதுக்காகவா?”

“அதுக்காக இல்லடி. அந்த அறையை விட்டா எனக்குப் போக்கிடம் இல்ல. உங்க அண்ணனை இரண்டு பஸ் ஏத்தி இறக்கி எங்க கொண்டுபோறது? தனியா விட்டுட்டு வந்தா, ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடிக்கத் தெரியுமா அவருக்கு இப்ப?”

“அப்ப எங்கண்ணன் கையை வித்து வீடு வாங்கறீங்க.”

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று பட்டாசுக்கே தெரிந்தது போலிருந்தது. ஆனால் சொல்லும் உருளைக்குள் போன துணியும் ஒன்றுதான், இழுத்தால் வராது.

“கை உங்க அண்ணனுக்குப் போச்சு” என்றாள் அண்ணி. “அந்தக் கைக்குத் துணி மாத்தறது யாரு? குளிப்பாட்டறது யாரு? நீ அழுதுட்டு உன் அறைக்குப் போயிடுவே. எனக்குப் போறதுக்கு வேற அறை கிடையாது.”

இருவருக்கும் நடுவே விரிப்பு விறைத்து நின்றது. நடக்கிறவள் நடக்கவில்லை. உருளை நிற்குமா? அடுத்தது வந்தது, அதற்கடுத்தது வந்தது. சூடான துணி தரையில் மடங்கி மடங்கி விழுந்தது. கறைபட்ட துணிகளை ஊறவைக்கும் கறைத் தொட்டியருகே நின்றிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். “ஏறச் சொன்னா எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னா நொண்டிக்குக் கோபம்” என்று முணுமுணுத்த பாய்லர்காரர் தன் வேலையை விட்டு வந்து, விழுந்த துணிகளை மார்போடு அள்ளிக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. இருவரில் யாரையும் பார்க்கவுமில்லை.

அண்ணி பட்டாசின் கைகளைப் பார்த்தாள். முனைகளை இறுக்கிப் பிடித்ததில் விரல்களின் கணுக்கள் வெளுத்திருந்தன. அண்ணனுக்கு இருந்த அதே நீண்ட விரல்கள். கல்யாணமாகி வந்த புதிதில், அந்த விரல்கள் சின்னப் பெண்ணின் விரல்களாக இருந்தபோது, அண்ணிதான் நகம் வெட்டிவிடுவாள். ஓட்டு முடிந்த மறுநாள் அவை உருளைக்குப் போகும்.

அண்ணி நடந்தாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக. அடி தடுமாறியது, விரிப்பு கோணிக்கொண்டது, எந்த முனை எந்தக் கையில் என்று இருவருக்கும் குழம்பிற்று. ஒருவழியாக முனைகள் சேர்ந்தபோது நெற்றியும் நெற்றியும் முட்டிக்கொள்ளும் தூரத்தில் நின்றார்கள்.

“நான் சாவிக்குத்தான் போடுவேன்” என்றாள் அண்ணி. “நீ குடைக்கே போடு. உன் கைக்கு நீ பயப்படறது தப்பில்ல. என் வீட்டுக்கு நான் பயப்படறதும் தப்பில்ல. ஆனா ஒண்ணு. சாவி ஜெயிச்சா, கம்பியை அவுக்கச் சொல்லி அவர் வாசல்ல போய் நிக்கிறது நான். குடை ஜெயிச்சா, என் வீட்டை இடிக்காதேன்னு போய் நிக்கிறது நீ.”

“நான் எதுக்கு? உங்க வீட்டுக்கு நீங்க போங்க.”

“நான் போனா, நீ எனக்கா போட்டேன்னு கேப்பாங்க. போட்டவ போய் நின்னா என்ன சொல்லி விரட்டுவாங்க?”

பட்டாசு யோசித்தாள். வெடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “துணி தரையில கிடக்குது அண்ணி” என்றாள்.

“பாய்லர்காரர் எடுத்துட்டாரு. நீ மடி.”

மதியம் குழாயடியில் இது எல்லோர் காதுக்கும் போயிற்று. கறைத்தொட்டிக்காரி நம்பவில்லை. “ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி எல்லாரும் நல்லவங்கதான். நமக்கு வேண்டியது கிடைச்சாச்சுன்னா அடுத்தவளுக்காக யாரு வெயில்ல நிப்பா?”

“பக்கத்துப் பக்கத்துக் கதவுதானே” என்றார் பாய்லர்காரர். “தினம் மூஞ்சியைப் பாக்கணுமே. நானும் சாவிக்குத்தான். அண்ணி போனா நானும் போறேன்.”

“நான் குடை” என்றாள் கறைத்தொட்டிக்காரி, சண்டைக்கு வருவது போல. சிறிது பொறுத்து, “குடை ஜெயிச்சா பட்டாசு கூட நானும் போறேன். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கால்வாய் நாத்தத்தை விட்டுட்டு எங்க போய்த் தூங்கறது” என்றாள். முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. அதன் பிறகு குடங்களை ஒருவருக்கொருவர் நகர்த்தி வைத்தார்கள்.

முதலாளியின் வண்டியில் எல்லோரும் ஏறினார்கள். இறங்கி, மறைப்புக்குப் பின்னால் அவரவர் மனசுப்படி குத்தினார்கள். உருளைக்காரர் இடது கையால் குத்தினார். யாருக்கு என்று மனைவிக்கும் சொல்லவில்லை, தங்கைக்கும் சொல்லவில்லை.

சாவி ஜெயித்தது.

அடுத்த நாளே சாவிக்காரரின் ஆட்கள் நாடாவோடு வந்து அறைகளை அளந்தார்கள். கதவு நிலைகளில் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். பத்திரம் பிறகு வரும், அதுவரை யாரும் எந்த வம்பிலும் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்றார்கள். அண்ணி அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தாள். விரலில் வெள்ளை ஒட்டியது. அவளுக்குச் சந்தோஷம் வந்தது. சந்தோஷப்படுகிறோமே என்று பயமும் வந்தது.

முதலாளி சொன்னபடியே பட்டாசு உருளைக்குப் போனாள். அண்ணிக்கு வேறொரு ஜோடி கொடுத்தார்கள். இப்போது அண்ணி நின்ற இடத்திலிருந்து பார்த்தால் உருளைகளுக்கு மேலே பட்டாசின் தலை மட்டும் தெரியும், கைகள் தெரியாது. ஆவி எழும்பும்போது தலையும் தெரியாது. ஒவ்வொரு விரிப்பு வெளியே வரும்போதும் அதன் ஓரத்தை ஒரு தரம் பார்த்துக்கொள்வாள். வெள்ளையாக இருந்தால்தான் மூச்சு வரும்.

“போய்க் கேக்கணும்” என்றாள் கணவரிடம்.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “கேக்கணும்தான். யார் இல்லேன்னா? பத்திரம் கைக்கு வரட்டும். ஒண்ணாந்தேதி வாட்ச்மேன் வேலைக்கு வரச் சொல்லியிருக்காரு. அதுவும் ஆகட்டும். அப்புறம் போய்க் கேளு. இப்பக் கேட்டா அதுவும் இல்ல, இதுவும் இல்லேன்னு ஆயிடும்.”

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் அது அவளைக் கட்டிப்போட்டது. தப்பான யோசனையை உதறிவிடலாம். சரியான யோசனைக்குள் மாட்டிக்கொண்டால் கதவு எந்தப் பக்கம் என்றே தெரியாது. கொஞ்சம் பொறுக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த நாளும் கொஞ்சம் பொறுக்கலாம் என்றே நினைத்துக்கொண்டாள். பாய்லர்காரர் அவளைக் கடந்து போகும்போது ஒரு நிமிஷம் நிற்பார். அவள் பேசாதிருப்பதைப் பார்த்துவிட்டு, கரி அள்ளும் மண்வெட்டியைத் தோளில் மாற்றிக்கொண்டு போய்விடுவார்.

பட்டாசு எதுவுமே கேட்கவில்லை. வேலை முடிந்ததும் வழக்கம்போல் அண்ணனைப் பார்க்க வந்தாள். அவருக்குத் தலை வாரிவிட்டாள், சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். “ராஜா மாதிரி இருக்கே, கேட்டுல நிக்க வச்சா திருடனே கும்பிட்டுட்டுப் போவான்” என்று கிண்டல் செய்தாள். அண்ணியைப் பார்த்து, எப்போது போகப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் அண்ணி பதில் சொல்லியிருப்பாள், சண்டைகூடப் போட்டிருப்பாள்.

ஒரு நாள் சாயங்காலம் பொத்தானைப் போடும்போது பட்டாசின் சட்டைக் கை சற்று மேலே ஏறியது. மணிக்கட்டுக்கு மேல், விரிப்பின் ஓரம் போலவே நேராக, ஒரு சிவந்த கோடு. தோல் கொப்பளித்திருந்தது.

“என்னடி அது?”

“அடுப்புல பட்டுடுச்சு அண்ணி.” சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “நான் என்னைக்கு ஒழுங்காச் சமைச்சிருக்கேன்?”

அடுப்பு அப்படி நேர்கோடாகச் சுடாது. உருளைக்காரருக்கும் அது தெரியும். அவர் தங்கையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாசு விளக்கைப் பற்றி ஏதோ சொன்னாள், கால்வாய்க் கொசுவைப் பற்றி ஏதோ சொன்னாள், எழுந்து போய்விட்டாள். சுடு சொல்லுக்குப் பேர்போனவள், அண்ணிக்குப் பத்திரம் வந்து சேரட்டும் என்று தன் புண்ணை மூடிக்கொண்டு போகிறாள்.

வெகுநேரம் கழித்து உருளைக்காரர், “காலையில என் வெள்ளைச் சட்டையை எடுத்து வை” என்றார்.

“எதுக்கு?”

“நானும் சாவிக்குத்தான் போட்டேன். உன்கூட வரணுமில்ல?”

காலையில் அண்ணி பாய்லர்காரரிடம் மட்டும்தான் சொன்னாள். புறப்படும்போது பார்த்தால் சாவிக்குப் போட்டவர்களில் பெரும்பாலோர் வாசலில் நின்றிருந்தார்கள். பத்திரத்துக்குக் கோடு போட்ட கதவுகளைப் பூட்டிவிட்டு வந்தவர்கள். சிலர் வரவில்லை, ஜன்னல் வழியே பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். அவர்களை யாரும் ஏசவில்லை. பயப்படுவதற்கு எல்லோருக்கும் காரணம் இருந்தது.

குடைக்குப் போட்டவர்களும் கிளம்பினார்கள். அண்ணி தடுத்தாள். “நீங்க வந்தா, தோத்தவங்க தூண்டிவிட்டு வந்திருக்காங்கன்னு கதையை முடிச்சிடுவாங்க.”

“அப்ப நாங்க வேடிக்கை பாக்கறதா?” என்று கேட்டாள் பட்டாசு. பழைய குரல் திரும்பியிருந்தது. “நீங்க வாசல்ல நில்லுங்க. நாங்க உருளை முன்னாடி நிக்கிறோம். கையைக் கட்டிக்கிட்டு. கம்பி இறங்கற வரைக்கும் ஒரு துணி உள்ள போகாது.”

சாவிக்காரரின் அலுவலக முற்றத்தில் ஜெயித்ததற்கு வந்த மாலைகள் வாடிக் குவிந்திருந்தன. உள்ளே போனபோது, அவருக்கு எதிர் நாற்காலியில் முதலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார். அண்ணியைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டார்.

“பத்திரத்துக்கா வந்தீங்க?” என்று சாவிக்காரர் சிரித்தபடி கேட்டார். “வரும், வரும். அவசரப்படக்கூடாது.”

“அதுக்கு இல்லீங்க” என்றாள் அண்ணி. “கூடத்துல உருளைக்கு முன்னால காவல் கம்பியை மேல தூக்கிக் கட்டியிருக்கு. அதை அவுத்துவிடச் சொல்லணும். அதிகாரி வந்து பாக்கணும்.”

“கட்டினது யாருன்னு கேளுங்க” என்றார் முதலாளி. “இதோ நிக்கிறாரே, இவர்தான்.”

“ஆமாங்க” என்றார் உருளைக்காரர். “நீங்க கட்டச் சொன்னீங்க, நான் கட்டினேன். முடியாதுன்னு சொல்லியிருக்கணும், சொல்லலை. அதுக்கு இந்தக் கையைக் கொடுத்தாச்சு. தங்கச்சி கையையும் கொடுக்க முடியாதுங்க.”

சாவிக்காரரின் சிரிப்பு குறைந்தது. “இந்தாம்மா, அதிகாரித் தொல்லை இருக்காதுன்னு சொல்லித்தான் நான் ஓட்டுக் கேட்டேன். நீங்களும் போட்டீங்க. இப்ப வந்து அதிகாரி வேணுங்கறீங்க. என்ன நியாயம்?”

“வீட்டுக்காகப் போட்டோம்ங்க. அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்றோம். அதிகாரி விஷயத்துல அன்னைக்கும் எங்களுக்கு மனசு ஒப்பலை, இன்னைக்கும் ஒப்பலை. ஒப்பலேன்னு உங்ககிட்டதானே சொல்லணும்? வேற யார்கிட்ட போய்ச் சொல்றது?”

“வீடு கொடுக்கறவனையே எதிர்க்கறீங்களா?”

“எதிர்க்கலைங்க. உங்களுக்குப் போட்ட கைங்க இதெல்லாம். இதைக் காப்பாத்திக் கொடுங்கன்னு கேக்கறோம். கை இருந்தாத்தானே அடுத்த தடவையும் போட முடியும்?”

பாய்லர்காரர் பின்னாலிருந்து, “இவரு ஒரு கையாலதான் போட்டாரு, பாவம். அதுவே உங்களுக்கு ஒரு ஓட்டு” என்றார். சாவிக்காரரின் உதவியாளன் ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினான்.

முதலாளி எழுந்துவிட்டார். “வாட்ச்மேன் வேலையை மறந்துடு. கேட்டுப் பக்கமே வரக்கூடாது.” பிறகு சாவிக்காரரிடம், “சுண்ணாம்புக் கோடுதானே, துடைச்சா போயிடும். நீங்க ஏன் இவங்ககிட்ட பேசிக்கிட்டு?” என்றார்.

அண்ணிக்குக் காதுக்குள் பாய்லர் உறுமுவது போலிருந்தது. அறை, கட்டில், பாய்லரின் சூடு ஏறிய அந்தச் சுவர், எல்லாம் ஒரு தரம் கண்முன் வந்து போயின. பக்கத்தில் கணவரின் தோள் அவள் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“துடைக்கிறதுன்னா துடைச்சுக்கோங்க” என்றாள். “நாங்க வெளியில படியில உக்காந்திருக்கோம். ஐயாவே வந்து அந்தக் கம்பியை ஒரு தரம் பாத்துட்டு வந்தா, அப்புறம் போறோம்.”

“இன்னைக்கு எனக்கு நேரமில்லை” என்றார் சாவிக்காரர்.

“சரிங்க. நாளைக்கும் உக்காந்திருக்கோம்.”

வெளியே வந்து படிகளில் உட்கார்ந்தார்கள். கோஷம் எதுவும் போடவில்லை. வெயில் ஏறியது. முதலாளி காரில் ஏறி, அவர்களைப் பார்க்காமல் போனார். உதவியாளன் இரண்டு தரம் வந்து, ஐயா பார்க்கிறேன் என்று சொன்னார், போங்கள் என்றான். மூன்றாம் தரம் வந்தவன் ஒன்றும் சொல்லாமல், வெயில் படுகிறதென்று வாசல் பந்தலின் துணியை அவர்கள் பக்கமாக இழுத்துக் கட்டிவிட்டுப் போனான்.

மதியத்துக்கு மேல் கறைத்தொட்டிக்காரி தெருமுனையில் ஓட்டமும் நடையுமாக வந்தாள். அலுவலகத்துக்குள் வராமல் எதிர் நடைபாதையிலேயே நின்று கத்தினாள்.

“உருளை நிக்குது அண்ணி! முதலாளி வந்து கத்தறாரு. வெளியில போங்கன்னாரு, யாரும் போகலை. வேற ஆளுங்களைக் கூட்டிட்டு வந்தாரு, அவங்க கம்பியைப் பாத்துட்டு அவங்களும் கையைக் கட்டிக்கிட்டாங்க!”

“பட்டாசு?”

“வெடிச்சுக்கிட்டிருக்கா!”

படியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு மூடிய கதவைப் பார்த்தார்கள். அது திறக்கும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பத்திரம் வரும் என்றும் இனி யாரும் சொல்லப்போவதில்லை. அண்ணி கணவரின் முகத்தில் வழிந்த வியர்வையைத் துடைத்துவிட்டாள். அவர் கூச்சப்பட்டு, “எல்லாரும் பாக்கறாங்க” என்றார்.

அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கிற பெண் ஒரு வாளித் தண்ணீரும் டம்ளருமாகப் பக்கவாட்டுக் கதவு வழியே வந்தாள். ஒவ்வொருவருக்காக ஊற்றிக் கொடுத்தாள். உருளைக்காரரிடம் வந்தபோது டம்ளரை அவருடைய இடது கையில் சரியாகப் பிடிக்கவைத்து, அவர் குடித்து முடிக்கும் வரை அடியில் தன் கையை ஏந்திக்கொண்டிருந்தாள்.

“எப்படிங்க ஆச்சு?” என்று கேட்டாள்.

அவர் சொன்னார்.

அவள் காலி டம்ளரை வாளிக்குள் போட்டாள். “என் மகன் மரம் அறுக்கற ஆலையில இருக்கான். அங்கயும் வாளுக்கு மேல ஒரு மூடி இருந்துச்சாம். கழட்டி வச்சுட்டாங்களாம்” என்றாள். திரும்பி அலுவலகக் கதவைப் பார்த்தாள். பிறகு வாளியைக் கீழே வைத்தாள்.

“நானும் சாவிக்குத்தான் போட்டேன்” என்றாள் மெல்ல.

அண்ணி கணவரின் பக்கமாக நெருங்கி உட்கார்ந்து, படியில் அவளுக்கு இடம் விட்டாள்.